இன்னொரு ரவுண்டு

"நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நல்ல பொண்ணுங்க..." என்று என் கணவர் ஆரம்பித்ததுமே சின்னவள் பாதி தின்ற ஐஸ்கிரீமை பெஞ்சில் போட்டுவிட்டுக் கத்தினாள்: "அப்பா, இன்னொரு ரவுண்டு!"

அடுத்த நொடி அக்காவும் தங்கையும் ராட்சதக் கோப்பைகள் சுற்றும் மேடையைப் பார்த்து ஓடிவிட்டார்கள்.

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

காலையிலிருந்து இதே கூத்து. நேற்றும் இதே கூத்துதான்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. நாங்கள் இருவரும் பிரியப் போகிறோம். போட வேண்டிய சண்டையெல்லாம் போட்டாயிற்று. அவருக்குத் தனி வீடும் பார்த்தாயிற்று. பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

"குழந்தைங்க சந்தோஷமா இருக்கிற நேரமாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் குடும்ப ஆலோசகர். பாவம், அவர் ஏதோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். எங்களுக்குத்தான் எதிலும் அரைகுறை பிடிக்காதே! சந்தோஷம்தானே வேண்டும் என்று தீம் பார்க்குக்குள்ளேயே இருக்கும் ரிசார்ட்டில் அறை போட்டுவிட்டோம்.

கட்டில் யானை வடிவத்தில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் டால்ஃபின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஜன்னலைத் திறந்தால் எந்நேரமும் யாராவது அலறுகிறார்கள். குடும்பத்தைக் கலைக்க இதைவிட லட்சணமான இடம் கிடைக்குமா?

சொல்லும் பொறுப்பு அவருடையது. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அலுவலகத்தில் ஆட்களை வேலையை விட்டு அனுப்புவதுதான் அவருக்கு உத்தியோகம். உட்காரவைத்து முதலில் நாலு நல்ல வார்த்தை, நடுவில் நைசாகக் கத்தி, கடைசியில் மறுபடியும் நாலு நல்ல வார்த்தை. வேலை போனவனே எழுந்து கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவானாம். இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட சூரப்புலிக்கு இரண்டு வாண்டுகளுக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"நீ சொல்லேன்" என்றார், பெஞ்சில் உருகிய ஐஸ்கிரீமைத் துடைத்துக்கொண்டே. தலையில் முயல் காது வேறு. சின்னவள் மாட்டிவிட்டது. கழற்றினால் அழுவாளாம்.

"ஊரையே வீட்டுக்கு அனுப்புறவரு நீங்க. நீங்களே சொல்லுங்க" என்றேன்.

எனக்கு மட்டும் வாய் வந்துவிடுமாக்கும்? வராது. வராததால்தான் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் போனதும் அப்பா பெட்டியோடு கிளம்புவதைப் பார்த்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளக் கூடாது. இந்த வருடம் முழுக்க நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஆனால் இந்தப் பெண்களின் பேராசை இருக்கிறதே, அப்பப்பா!

சாப்பாட்டு மேசையில் அவர் தொண்டையைக் கனைத்தார். உடனே நீச்சல் குளத்துக்குப் போகணும் என்று குதித்தார்கள். குளக்கரையில் "அப்பா ஒண்ணு சொல்லட்டுமா" என்றார். குட்டி ரயில் வேண்டும் என்றார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் "அம்மாவும் நானும்..." என்று இழுத்தார்; கரடி வேஷம் போட்ட ஆளோடு போட்டோ எடுத்தே தீரணும் என்று பிடிவாதம். எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. யாரைக் கொண்டு பிறந்ததுகளோ!

வளர்ப்பு சரியில்லை என்று அவரிடம் சொன்னேன். உன் வளர்ப்புதானே என்றார். நல்லதாகப் போயிற்று, பிரிவதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

இத்தனைக்கும் சின்னவளுக்குச் சுற்றினால் ஆகவே ஆகாது. காரில் தெருமுனை திரும்புவதற்குள் வாந்தி எடுக்கிறவள். மதியத்திலிருந்து இந்தக் கோப்பையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறாள். முகம் வெளுத்துப்போய்விட்டது. ஆசை விட்டால்தானே?

போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு. இரண்டையும் தரதரவென்று இழுத்துவந்து உட்காரவைத்து, அவர் சொல்லாவிட்டால் போகிறது, நானே போட்டு உடைத்துவிடுவது என்று எழுந்தேன். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டும் என்னைக் கவனிக்கவில்லை.

சின்னவள் கம்பியைப் பிடித்துக் குனிந்திருந்தாள். "குமட்டுதுக்கா. போதும்க்கா."

பெரியவள் அவள் முதுகை நீவிவிட்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. நாம சும்மா உக்காந்தா, அப்பா பாத்ரூம்ல தனியா சொல்லிப் பாத்தாருல்ல, அத நம்மகிட்ட சொல்லிடுவாரு. சொன்னாத்தானே அவரு போக முடியும்?"

இழுக்க நீட்டிய கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் முயல் காதோடு பெஞ்சில் உட்கார்ந்து, உதடுகளை அசைத்து, அடுத்த வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

கதவு திறந்தது. சின்னவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் ஏறினாள்.

பெரியவள் ஏறாமல், கோப்பையை இயக்குகிறவரிடம் போய் நின்றாள்.

"அண்ணா, இன்னைக்கு இத எத்தன மணி வரைக்கும் ஓட்டுவீங்க?"

"பாப்பாவுக்கு ஆசையப் பாரு!" என்று அந்த ஆள் சிரித்தார்.