நாலு மணி வரை சொந்த வீடு

பழைய வங்கியின் படிகளில் இறங்கியபோது தச்சரின் கையில் வீடு இருந்தது.

மொத்த வீடும். மூலப்பத்திரமாக, மஞ்சள் உறைக்குள்.

வட்டி குறைவு என்று எதிர்ச்சாரியிலிருந்த புது வங்கிக்குக் கடனை மாற்றுகிறார்கள். பத்திரத்தை நாலு மணிக்குள் அங்கே ஒப்படைக்க வேண்டும். ஒன்றாம் தேதி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அவரும் மனைவியும் பட்டறைக்குப் பின்னாலுள்ள அறைக்குப் போகிறார்கள். வாடகை தவணையைப் பார்த்துக்கொள்ளும்.

நடுச்சாலையில் மனைவி நின்றுவிட்டாள்.

"ஏங்க, இந்த நிமிஷம் வீடு யாரோடது?"

தச்சர் பழைய வங்கியைத் திரும்பிப் பார்த்தார். புது வங்கியைப் பார்த்தார். கையிலிருந்த மஞ்சள் உறையைப் பார்த்தார்.

"நம்மளோடதுதான் போலிருக்கு."

சட்டம் படித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் யாரும் அப்போது நடுச்சாலையில் நிற்கவில்லை.

கடன் முடிகிறவரை ஒரு செங்கல்கூட உங்களுடையதில்லை என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய வங்கி மேனேஜர் விளையாட்டாகச் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். அடுத்தவன் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றுவிட்டாள். ஊரார் சுவர்களில் லட்சம் ஆணி அறைந்தவர் வீட்டில், கல்யாணப் போட்டோ பிரிட்ஜ் மேல் சாய்ந்தே கிடந்தது.

நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டாள். அப்புறம், பையில் சுத்தியல் இருக்கிறதா என்றும் கேட்டாள்.

ஹாலில் அவள் பத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தச்சர் ஆணியை வைத்தார்.

சுவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பல்லி ஒன்று எட்டிப் பார்த்து, மரியாதையாக ஒதுங்கி நின்றது.

முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. தொழிலுக்கு வந்த நாளாய் நடக்காத காரியம்.

இரண்டாவது அடி மூன்று தெருவுக்குக் கேட்டது. அதில் வீடு ஓர் அங்குலம் நிமிர்ந்ததாக அவர் இன்றைக்கும் சொல்வார். அளந்து பார்த்தாராம்.

போட்டோவை மாட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வீடு புது வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்றாம் தேதி குடிவந்தவர் வாடகை ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாவது நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

ஆறாவது, ஹாலில் உள்ள ஒரே ஆணியையும், அதில் மாட்டியிருக்கும் கணவன் மனைவியையும் எக்காரணம் கொண்டும் அப்புறப்படுத்தக் கூடாது.