பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை

தம்ளரை ஒரே மூச்சில் காலிசெய்துவிட்டு, இந்த ரோஜா சர்பத் எங்கே வாங்கியது என்று கேட்டார் நஞ்சப்பன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தான். அவன் மனைவி தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தட்டைப் பிடித்திருந்த விரல்களை மட்டும் மெல்லப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

விரல்கள் சிவந்திருந்தன.

பூ மார்க்கெட்டில் மாலை கட்டியதுபோக மிஞ்சுகிற பன்னீர் ரோஜாவை மலிவாக அள்ளி வருவாள். இதழ் உதிர்த்துச் சர்க்கரையில் பிசைவாள். நிறத்துக்குக் கொஞ்சம் பீட்ரூட் துருவிப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் வெள்ளைத் துணியில் கட்டிக் கையாலேயே பிழிவாள். சாயம் இரண்டு நாளைக்குப் போகாது. எலுமிச்சை தேய்த்தால் கொஞ்சம் மங்கும்.

மூன்று கோடையாக இந்த வீட்டில் யாரும் கடையில் பாட்டில் வாங்கியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் தாரிணி ஃபிரிட்ஜைத் திறந்து, இன்றைக்கு நன்னாரியா, இஞ்சி மோரா என்று பார்ப்பாள். அப்படி மிச்சம் பிடித்ததில் வந்ததுதான் அவன் போட்டிருந்த சட்டை. ஆபீசில் எல்லோரும் எடுப்பாக இருக்கிறது என்று சொன்ன சட்டை.

அதே ஆபீசில்தான் அவன் ஃபிளாஸ்க்கைத் திறந்தால் சிரிப்பார்கள். நாலு மணிக்கு எல்லோரும் ஜூஸ் கடைக்குக் கிளம்புவார்கள். அவன் மட்டும் எழுந்திருக்க மாட்டான்.

கரும்பும் நீங்களே நட்டுக்குவீங்களா சார் என்று ஒருநாள் ஒருத்தன் கேட்டான்.

அதிகமாகச் சிரித்தவர் மேனேஜர் நஞ்சப்பன்.

அந்தச் சிரிப்பு தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்றுதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே நொடியில் அவன் ஒரு கடையைக் கட்டினான்.

"இல்லீங்க அங்கிள், நானும் அம்மாவும்..." என்று ஆரம்பித்தாள் தாரிணி. அவள் நாக்கும் சிவப்பாக இருந்தது.

அவன் மனைவி குனிந்து மகள் கையில் ஒரு முறுக்கைத் திணித்தாள். முதலில் இதைச் சாப்பிடு என்றாள்.

அவன் சட்டைக்குள் வேர்த்தது.

கடையில் கிடைப்பதெல்லாம் வெறும் கலர் தண்ணீர், இதுதான் சர்பத் என்றார் நஞ்சப்பன். புதன்கிழமை அவருடைய புதுமனை புகுவிழா. அதற்கு அழைக்கத்தான் அவரும் மனைவியும் வந்திருந்தார்கள். அந்தக் கடையில் சொல்லி நாலு பாட்டில் வாங்கி வந்துவிடச் சொன்னார். கடைக்கு என்ன பேர் என்றார்.

பேர் ஞாபகமில்லை என்றான்.

கிளம்பும்போது நஞ்சப்பனின் மனைவி குங்குமச் சிமிழை நீட்டினாள்.

எடுத்துக்கொள்ள விரலை நீட்ட வேண்டும்.

அவன் மனைவி நீட்டவில்லை. "நீங்களே வெச்சு விடுங்கக்கா" என்று நெற்றியைக் காட்டினாள். எத்தனை பணிவு என்று அந்த அம்மாள் பூரித்துப்போனாள்.

நஞ்சப்பன் அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு அது வழக்கம். யார் கையையும் அப்படிப் பிடிக்காமல் விட மாட்டார்.



திங்களன்று அவள் எப்போதும்போல ஃபிளாஸ்க்கில் நன்னாரி ஊற்றிக் கொடுத்தாள். அவன் அதைத் திறக்காமலே திருப்பிக்கொண்டு வந்தான்.

செவ்வாய் சாயங்காலம் வீடு முழுக்க ரோஜா மணத்தது. பழைய தினசரியை விரித்து, அதன்மேல் குவியலாக இதழ்களை உதிர்த்துப் போட்டிருந்தாள். நாலு பாட்டில்களையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான்.

அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"கடைக்கு ஒரு பேர் யோசிச்சுச் சொல்லுங்க. பாட்டில்ல எழுதி ஒட்டணுமல்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

அவன் தாரிணியின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தான். பேனாவைத் திறந்தான்.

சமையலறையில் சர்பத் கொதித்தது. இறங்கியது. ஆறியது.

தாள் வெள்ளையாகவே இருந்தது.

அவள் துணியை எடுத்து விரித்தபோது அவன் எழுந்து போய் அதை அவள் கையிலிருந்து வாங்கினான். அவள் அவன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டாள். சாயம் பிடித்துக்கொள்ளும், நாளைக்குள் போகாது என்றாள்.

தெரியும் என்றான்.

முடிச்சைத் திருகிப் பிழிந்தான். விரல் இடுக்குகளில் சிவப்பு வழிந்து மணிக்கட்டு வரை இறங்கியது. நகக்கண்ணில் ஏறியது. நாலு பாட்டில்களும் நிறைந்தன. எதிலும் பேர் ஒட்டவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு நஞ்சப்பன் புது வீட்டு வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவர் கையையும் பிடிப்பார்.

அவள் தொட்டியருகே பாதி எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அவன் அதை எடுத்தான். ஒரு தம்ளருக்குள் பிழிந்தான். மிச்சமிருந்த சர்பத்தை ஊற்றித் தண்ணீர் கலந்து அவளிடம் நீட்டினான்.

அவள் தம்ளரை உடனே வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.