வெள்ளத்தை முந்திய கணக்கு

ஒஸ்த்ராவா நகரின் கணினி மையத்தில் மதிய வெளிச்சம் மங்கி வருகிறது. ராத்மிலா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போன வருஷம் ஆற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்த பிறகுதான், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டிய அவளுடைய கணக்கு முடிந்தது. பள்ளத்தாக்கைக் கட்டம் கட்டமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவந்த நிரல் அது. மையத்தின் கணினிச் சில்லுகளில் ஒன்று மட்டும் உழைக்க, மற்றவை கைகட்டி நின்றன. இப்போது அந்தச் சுற்றைச் சின்னச் சின்ன வேலைகளாக உடைத்து, எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அம்புக்குறி போட்டு இணைத்திருக்கிறாள். பக்கத்து மேசை போகுமில் ரொட்டியைக் கடித்தபடி எட்டிப் பார்க்கிறான். "குளிர்காலம் பூரா அம்பு வரைஞ்சியே, ஓடுமா?" "வாயில இருக்கறதை முழுங்கு, அதுக்குள்ள தெரிஞ்சிடும்." இன்றிரவு பெய்யப்போகும் மழையின் கணிப்பை உள்ளிட்டு, அவள் விசையைத் தட்டுகிறாள். கறுப்புத் திரையில் ஓடத் தொடங்கிய வேலைக்கு ஒரு பச்சைக் கோடு எழுகிறது, அதன் கீழே இன்னொன்று, பிறகு திரை முழுக்கப் பச்சை. கீழ்த்தளத்தில் விசிறிகள் இரைய, தரை லேசாக அதிர்கிறது. காத்திருந்த வேலை ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் தானே கிளம்புகிறது. போகுமில் மெல்லுவதை மறந்துவிட்டான். "அடிப்பாவி, எல்லாமே ஓடுதே!" ராத்மிலா நாற்காலியைத் தள்ளி எழுந்து, இரண்டு கையையும் தூக்கிக் கத்துகிறாள். திரையில் வெள்ளம் வந்து, பாலத்தை மூழ்கடித்து, வடிந்தும் போய்விட்டது. போகுமில் ஆற்றோர ஊரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறான். "ஆமாங்க, வெள்ளம் நாளைக்குத்தான் வரும். இன்னிக்கே மேட்டுக்குப் போயிடுங்க." சன்னலுக்கு வெளியே மழையின் முதல் துளிகூட இன்னும் விழவில்லை.