குருநகர் ஆய்வு

சலரோக ஆய்வாளர் சுபாங்கன் குருநகருக்கு வரும்போதே படம் எடுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தினமும் மீன் சாப்பிட்டால் சீனி வியாதி கட்டுப்படும் என்று, இந்த ஊர் ஆட்களின் இரத்தத்தைச் சோதித்து அவர் எழுதிய கட்டுரையை உலகமெங்கும் இரண்டாயிரம் பேர் மேற்கோள் காட்டிவிட்டார்கள். விருது மலருக்கு, அன்றைக்கு இரத்தம் கொடுத்த மீனவர் ஒருவரோடு அவர் நிற்கும் படம் வேண்டுமாம்.

"சிமியோன் அண்ணை எங்கை?" என்று அந்த மீனவரின் வீட்டு வாசலில் நின்று சுபாங்கன் கேட்டார்.

"உள்ளுக்கை இருக்கிறார் சேர்," என்றாள் சிமியோனின் மனைவி றெஜினா. "இப்ப கடலுக்குப் போறேல்லை. புண் மாறாமல் ஒரு காலை வெட்டி எடுத்திட்டினம்."

சுபாங்கனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சீனிக்குக் குளிசை போடேல்லையோ?"

"மீன் சாப்பிட்டாலே போதும் எண்டு நீங்கள் பேப்பரிலை சொன்ன பிறகு விட்டிட்டார்."

"நான் சோதிக்கேக்கை ஊர் முழுக்கச் சீனி குறைவாத்தானே இருந்தது?"

"அது தபசு காலமெல்லோ சேர். ஈஸ்டர் வரைக்கும் ஊரே ஒருசந்தி. ஒரு நேரச் சோறுதான், தேத்தண்ணியும் சீனி போடாமல்தான்."

"அதை ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"நீங்கள் மீனைப் பற்றி மட்டும்தானே கேட்டனீங்கள்."

சுபாங்கன் வீட்டுக்குள் நுழைந்தார். உள்ளே, டொக்டரோடு படம் எடுக்கவென்று, மடிப்புக் கலையாத சட்டையோடு சிமியோன் கதிரையில் காத்திருந்தார்.

படம் எடுக்கிறவர் தயங்கினார். "இன்னொரு நாள் வருவமோ சேர்?"

"இல்லை, இப்பவே எடுங்கோ," என்றார் சுபாங்கன். "இடுப்புக்கு மேலை எடுத்தால் போதும்."