உப்பு இருக்கும் இடம்

முப்பத்தாறு வயதாகியும் மகன் செல்வின் வீட்டை விட்டு நகராததால், மரியபாக்கியம் தானே கிளம்பினாள். வெளியூரில் நல்ல வேலை வந்தபோதும், பெண் பார்த்தபோதும், “எம்மா, ஒன்னத் தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்?” என்று அவன் மறுத்துவிட்டான். தங்கமான பிள்ளை என்று தெருவே சொன்னது. அவளுக்கும் அது இதமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் காய்ச்சலில் சுருண்டுகிடந்த அன்று, அவன் பசியோடு அடுப்படி வாசலில் வெறுமனே நின்றதைப் பார்த்துப் பயந்துபோனாள். மதுரையில் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சொல்லி வைத்தாள்.

பையோடு கிளம்பிய காலையில் அவன் வாசலை மறித்தான்.

“நான் என்னம்மா தப்பு பண்ணுனேன்?”

“ஒரு தப்பும் பண்ணலய்யா. வழிய விடு.”

பஸ் எட்டயபுரத்தைத் தாண்டும்போது போன் அடித்தது.

“எம்மா, உப்பு எங்க இருக்கு?”

மேல்தட்டில், மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“தேடிப் பாருய்யா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாப்பிடாமலே கிடப்பானோ? போனை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி அடிக்குமென்று பார்த்திருந்தாள். அருப்புக்கோட்டை வந்து போயிற்று. அது அடிக்கவே இல்லை. அவள் ஆசைப்பட்டதும் அதற்குத்தான். ஆனாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.