ஒன்பதாம் வகுப்பு ஆனந்த்

சாயங்காலமானால் அசோகன் குளித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்த மனிதர், கணித ஒலிம்பியாட் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கான இலவச ஆன்லைன் வகுப்பில், 'ஆனந்த், ஒன்பதாம் வகுப்பு' என்று பொய்ப் பெயரில் சேர்ந்திருந்தார்.

"கணக்குல கோட்டை வுட்ட ஆளு நீ. இப்ப இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றாள் மனைவி ரமாபாய்.

"சும்மா இரு. டீச்சரு பேசிக்கினு கீறாங்க."

ஒரு கணக்கும் அவருக்கு விளங்கவில்லை. கேள்வி வந்தால் வாய்க்கு வந்த எண்ணைத் தட்டி அனுப்புவார். எல்லாமே தப்பு.

அன்று வகுப்பு முடிந்ததும் டீச்சர் சொன்னாள்: "ஆனந்த் மட்டும் இருங்க. மத்தவங்க போகலாம்."

அசோகன் 'மன்னிச்சிடுங்க டீச்சர், இனிமே ஒழுங்கா போடறேன்' என்று அவசரமாகத் தட்டினார்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"நைனா, நீதான்னு மொத நாளே தெரியும். எந்தப் பையன் தெனமும் டீச்சரைப் பாத்து 'சாப்ட்டீங்களா'ன்னு கேப்பான்?"

கான்பூரில் மேற்படிப்பு படித்துக்கொண்டே இந்த வகுப்பை எடுக்கும் மகள் மகிழினி, வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் செய்வாள். மற்ற நாட்களில் அவள் குரலைக் கேட்க அசோகனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"கிளாஸை வுட்டுத் தூக்கிடுவியாம்மா?" என்று மைக்கில் மெல்லக் கேட்டார்.

"மாட்டேன். இனிமே கிளாஸ் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசலாம். அம்மாவையும் கூப்புடு."

அசோகன் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ரமா, அடுப்ப அணைச்சிட்டு வா. டீச்சரு உன்னையும் கிளாஸ்ல சேத்துக்கிறாங்களாம்."