வலது பக்கத்து இருக்கை

"காது நரம்புல இருந்த கட்டி ரொம்பப் பெருசு. ஆனா புற்று இல்ல. முகம் ஒரு பக்கமா கோணிடாம முழுசா எடுத்துட்டோம்," என்றார் டாக்டர் சோல்வே.

"இங்க்ரிட்டோட வலது காது?" என்று கேட்டார் வெண்டல்.

"அது போய்ப் பல வருஷம் இருக்கும். மெதுவா வளர்ந்த கட்டி, அவங்களுக்கே தெரியல. கூடவே இருந்தும் நீங்க கவனிக்கலையா?"

"கார் எப்பவும் அவதான் ஓட்டுவா. ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து, தப்பு என் மேலதான்னு மெதுவா மன்னிப்புக் கேட்டேன். ரோட்டையே பார்த்துட்டிருந்தா. பதிலே வரல."

"இந்த ஊர்க் கார்ல ஓட்டுறவங்களுக்கு வலது பக்கம்தானே பக்கத்து சீட்? அங்க உட்கார்ந்து மெதுவா பேசினா எப்படிக் கேட்கும்? கண் முழிச்சதும் இடது பக்கம் நின்னு கேளுங்க."

வெண்டல் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவ புருஷன் வினிபெக் ரோட்டுல பனியில மாட்டிக்கிட்டார், டாக்டர். அவர் வர்ற வரைக்கும்தான் நான். அன்னிக்குப் பதில் வரலைன்னுதான் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்."